சுமைதாங்கிக் கல்லும் கண்ணாடி ஜாடியும்

“கத்தரிக்காய்த் தண்டிதான் இருக்கு. இதுக்கா இம்புட்டுப் பாடு?”

ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில், கண்ணாடி ஜாடிக்குள் மிதந்த கருப்பை ஒன்றின் முன்னால் நின்றபடி என் பெரியம்மா இதைச் சொன்னார். அன்று பொதுமக்களுக்கான மருத்துவக் கண்காட்சி. எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை மாணவிகள் நாற்பது பேரை அழைத்துப் போயிருந்தேன். கண்ணுக்குக் காட்டுவதற்காகத் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருந்த பெரியம்மாவும் “நானும் வாரேன், சும்மா உக்காந்து என்னத்தப் பண்ண” என்று பேருந்தில் ஏறிக்கொண்டார்.

பெரியம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முப்பத்தாறாவது வயதில் அவருடைய கருப்பை எடுக்கப்பட்டது. ‘எடுக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினையைத் தெரிந்துதான் எழுதுகிறேன். எடுத்தவர் பெயர் பெரியம்மாவுக்குத் தெரியாது. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டவர் பெரியப்பா. மூன்று பிள்ளை பெற்ற பிறகு வந்த ஓயாத உதிரப்போக்கு. நம் வைத்திய நூல்களில் அதற்குப் ‘பெரும்பாடு’ என்று பெயர். ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. ‘அது’ என்பார்கள். மிளகாய்க் காட்டில் களையெடுக்கும்போது சேலை நனைந்து, நனைந்த சேலையோடு வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சொல் இல்லை. ஜாடியின் முன் நின்று பெரியம்மா சொன்ன ‘பாடு’ அந்தப் பாடுதான். பெருமை நீங்கிய பாடு.

அந்த அறுவை சிகிச்சை நடந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு சிறு தனியார் மருத்துவமனை. தாழ்வாரத்தில் பச்சை வண்ணம் பூசிய மர பெஞ்சு. பெரியப்பாவும் தாய்மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தது. செவிலியர் ஒருவர் எஃகுத் தட்டு ஒன்றை ஏந்தி வந்தார். “இந்தா பாருங்க, எடுத்தாச்சு” என்றார். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா குனிந்து நன்றாகப் பார்த்தார். எழுந்து கிட்டே வந்த என்னை, “ஏ, நீ அங்கிட்டுப் போ, பொம்பளப்பிள்ள பாக்கக்கூடாது” என்று விரட்டினார்கள். யாருக்கு அந்த உறுப்போ அவர் உள்ளே மயக்கத்தில் கிடந்தார். யாருக்கு அதே உறுப்பு இருக்கிறதோ அந்தச் சிறுமி பார்க்கக்கூடாது. யாருக்கு அது இல்லவே இல்லையோ அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள்.

நான் பார்த்த முதல் உடற்கூறியல் அருங்காட்சியகம் அந்தத் தாழ்வாரம்தான். அங்கே நுழைவுச்சீட்டு ஆண்களுக்கு மட்டும்.

*

அருங்காட்சியகத்துக்குத் திரும்புகிறேன். நீண்ட கூடம். சுவரோரம் கண்ணாடி அலமாரிகள். ஃபார்மலின் வாடை கண்ணை எரித்தது. 1893இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மானியர், ஃபார்மால்டிஹைடு கரைசல் திசுவை இறுக்கி அழுகாமல் காக்கும் என்று கண்டறிந்தார். அதற்கு முன் சாராயத்தில் ஊறப் போட்டார்கள். இரண்டு முறையிலும் நிறம் போய்விடும். இதயம், கல்லீரல், கருப்பை எல்லாம் ஒரே வெளிறிய பழுப்பு. உள்ளே ஓடிய ரத்தத்தின் சுவடு எதிலும் இல்லை.

விளக்கம் சொன்னவள் இரண்டாம் ஆண்டு மாணவி. அரசுப் பள்ளியில் படித்தவள். 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததாகச் சொன்னாள். அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுட்டுக் கரியாக்கி மூட்டை கட்டும் குடும்பத்திலிருந்து வந்த பெண், மனித இதயத்தின் நான்கு அறைகளையும் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். என் மாணவிகள் அவளை வாய் பிளந்து பார்த்தார்கள். இதயத்தை விட அவளைத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

அலமாரிகளில் ஒட்டியிருந்த குறிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில். தமிழில் இருந்தது ஒரே ஒரு பலகை: ‘தொடாதீர்கள்’. எனக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் நினைவுக்கு வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலாம் என்று முடிவுசெய்து தம் மாணவர்களோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வந்தது. உடற்கூறியலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அங்காதிபாதம்’. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று பெண்ணுடலை அடிமுதல் முடிவரை வருணித்துப் பழகிய மொழி, அந்த இலக்கியப் பெயரின் சாயலிலேயே எலும்புக்கும் நரம்புக்கும் ஒரு பெயரைக் கண்டுகொண்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. என் பெரியம்மாவுக்கு அந்தக் கூடத்தில் படிக்கக் கிடைத்தது ‘தொடாதீர்கள்’ மட்டும்தான்.

பெரியம்மா தொடவில்லை. கேட்டார்: “ஏத்தா, இது எந்தப் பொம்பளையோடது?”

மாணவி ஒரு கணம் திகைத்தாள். “பேர் எல்லாம் இருக்காது பாட்டி. நம்பர்தான் இருக்கும்.”

“செத்துப்போச்சா, இல்ல எனக்கு எடுத்தாப்புல எடுத்ததா?”

மாணவி குறிப்பைப் படித்துப் பார்த்தாள். கருப்பையில் நார்த்திசுக் கட்டி என்று இருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. “தெரியல பாட்டி” என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

“அப்ப என்னோடதாக்கூட இருக்கலாம்.”

பெரியம்மா இதை வருத்தமாகச் சொல்லவில்லை. சந்தையில் தொலைந்த ஆட்டைப் போல ஒன்று தென்படுகிறது, நம்முடையதா என்று பார்ப்போம் என்கிற தொனி. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அவர் அதைப் பார்க்கிறார். அல்லது அதைப் போல ஒன்றை.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிறேன். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலைக் கேட்டபடி எழுத வந்த தலைமுறை நான். உடலை எழுதுவது எங்களுக்கு உரிமைப் போர். கருப்பையைக் கடல் என்றும் குகை என்றும் எரிமலை என்றும் எழுதியிருக்கிறேன். அன்றுவரை ஒரு கருப்பையைப் பார்த்ததில்லை. ‘கத்தரிக்காய்த் தண்டி’ என்ற பெரியம்மாவின் உவமைக்கு முன்னால் என் கடலும் எரிமலையும் வெட்கப்பட்டுப் போயின. உருவகமும் ஒரு ஜாடிதான். உள்ளே இருப்பது யாருடையது என்று கேட்காமலே நானும் நிறைய ஜாடிகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

*

ஜாடிக்குள் யார் போகிறார்கள் என்பது தற்செயல் இல்லை. 1774இல் வில்லியம் ஹண்டர் நிறைமாதக் கருப்பையின் படங்களைப் பெரிய நூலாக வெளியிட்டார். முப்பத்து நான்கு படத்தகடுகள். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்துபோன பெண்களின் உடல்களைப் பார்த்து வரைந்தவை. தொடைகள் கசாப்புக்கடைத் துண்டம் போல வெட்டி நிறுத்தப்பட்டிருக்கும். வரைந்த ஓவியரின் பெயர் தெரியும். அந்தப் பெண்களின் பெயர்கள் அந்தப் படங்களில் இல்லை. அதே நூற்றாண்டின் எண்பதுகளில் ஃப்ளாரன்ஸில் செய்து வியன்னாவுக்குக் கொண்டுபோன மெழுகுப் பெண் இன்றும் அங்கே ஜோசஃபினத்தில் கிடக்கிறாள். வயிற்றைத் திறந்து குடலைக் காட்டிக்கொண்டிருக்கும் அவள் கழுத்தில் முத்துமாலை. அறிவியலுக்கு முத்துமாலை எதற்கு என்று கேட்டால், அந்தக் கூடத்தில் பார்வையாளராக யாரை எண்ணிச் செய்தார்கள் என்பது புரியும்.

தென்னாப்பிரிக்கப் பெண் சாரா பார்ட்மனை உயிரோடு இருக்கும்போதே லண்டனிலும் பாரிஸிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்தார்கள். 1815இல் இறந்ததும் குவியே என்ற புகழ்பெற்ற இயற்கையியலாளர் அவளைக் கூறுபோட்டு மூளையையும் பிறப்புறுப்பையும் ஜாடியில் போட்டார். 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் அவை பார்வைக்கு இருந்தன. நெல்சன் மண்டேலா கேட்டு, எட்டு ஆண்டு இழுபறிக்குப் பின் 2002 ஆகஸ்டு 9 அன்று, தென்னாப்பிரிக்காவின் பெண்கள் நாளில், சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டாள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஒரு பெண் ஊர் திரும்பக் காத்திருந்தாள்.

நம்மூரில் இது வேறு வடிவத்தில் நடக்கிறது. 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டப்படி, உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். ‘உரிமை கோரப்படாத’ என்ற சொற்சேர்க்கையைக் கவனியுங்கள். உடலுக்கு உரியவர் வேறொருவர், அவர் வந்து கேட்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். நாளிதழ்கள் இதையே ‘அனாதைப் பிணம்’ என்று எழுதும். பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் விடப்பட்ட கிழவிகள், மனநலம் குன்றி வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். உயிரோடு இருந்தபோது அவர்களைக் கேட்க ஆளில்லை. செத்த பிறகு கேட்பது கல்லூரி. எலும்புக்கூடுகளின் கதையும் இதுதான். 1985இல் தடை வரும்வரை உலகின் மருத்துவ மாணவர்களுக்கு எலும்பு ஏற்றுமதி செய்த பெரிய நாடு இந்தியா. ஐரோப்பியக் கல்லூரி ஏதோ ஒன்றில் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கும் எலும்புக்கூடு, நம்மூர்க் கூலிக்காரி ஒருத்தியுடையதாக இருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தபின், அந்தக் கூடத்தைப் பூட்டிவிட வேண்டும் என்று எழுதுவது சுலபம். என்னால் அப்படி எழுத முடியவில்லை. காரணம், அந்தக் கூடத்தின் இன்னொரு அலமாரி.

அதில் குறைமாதச் சிசுக்கள் இருந்தன. பிளந்த உதட்டோடு ஒன்று. மண்டையோடு மூடாமல் ஒன்று. மாணவிகளில் ஒருத்தி அழுதுவிட்டாள். அவள் தம்பிக்குப் பிறவியில் உதடு பிளந்திருந்ததாம். கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளையோடு அரிவாள்மனையில் காய் நறுக்கினாள் என்று அவள் அம்மாவை அப்பத்தா இன்றுவரை ஏசுகிறாள். விளக்கம் சொன்ன பெண் அவளைத் தனியே அழைத்து, கருவின் ஆறாம் ஏழாம் வாரத்தில் முகத்தின் இரு பக்கத்து மேடுகளும் வந்து இணைய வேண்டும், சில நேரம் இணையாமல் போய்விடும், கிரகணத்துக்கும் அரிவாள்மனைக்கும் இதில் வேலையில்லை என்று தன் உதட்டிலேயே விரலை வைத்துக் காட்டினாள். மண்டையோடு மூடாத குறை பற்றியும் சொன்னாள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் இத்தகைய குறைகளை நான்கில் மூன்று பங்குக்கு நெருங்கிய அளவில் தவிர்க்கலாம் என்று 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. பாவமில்லை, சாபமில்லை, ஒரு மாத்திரை.

என் மாணவி கேட்டாள்: “அப்ப எங்கம்மா மேல தப்பில்லையா?” அந்தக் கேள்விக்கான விடை அந்த ஜாடியிலிருந்துதான் வந்தது. பெயர் தெரியாத ஒரு தாயின் பிள்ளை, பெயர் தெரிந்த ஒரு தாயைப் பதினேழு ஆண்டுப் பழியிலிருந்து விடுவித்தது.

பார்க்கும் உரிமை எப்படிக் கிடைத்தது என்பதையும் மறக்கக்கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது. நாற்பது ஆண்டு கழித்து 1875இல்தான் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைப் படிக்கச் சேர்த்தார்கள். முத்துலட்சுமி 1907இல் உள்ளே போய் 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். மேசையில் கிடக்கும் உடலாகப் பெண் முதலில் போனாள். கத்தி பிடிக்கும் கையாக வெகுநாள் கழித்துத்தான் போனாள். கரிமூட்டக்காரர் மகள் கையிலிருந்த அந்தக் குச்சி அவ்வளவு தூரம் கடந்து வந்தது. அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டு எந்தப் பெண்ணியத்தை நான் பேசுவது?

*

திரும்பும்போது மாணவிகளை இறக்கிவிட்டு, பெரியம்மாவை ஊரில் விடுவதற்காக அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிச் சாலையில் போனோம். மல்லியும் மிளகாயும் முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குண்டாற்றில் மணலும் கருவேலமும் மட்டும். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது பெரியம்மா காரை நிறுத்தச் சொன்னார். சாலையோரம் ஒரு சுமைதாங்கி. இரண்டு செங்குத்துக் கல், மேலே குறுக்கே ஒரு கல்.

“இது எங்க அம்மாச்சிக்குத் தங்கச்சிக்கு வச்ச கல்லு. உனக்குச் சொல்லியிருக்கேனா?”

சொன்னதில்லை. நிறைசூலியாய்ச் செத்துப்போனவள். பிள்ளை இறங்கவில்லை. வயிற்றுச் சுமையோடு புதைத்தால் ஆவி அலையும் என்று, மயானத்தில் வண்ணாத்தியை விட்டு வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துத் தனிக்குழியில் வைத்தார்களாம். பிறகு இந்தக் கல்லை நட்டார்கள். இறக்க முடியாத சுமையோடு போனவளின் பேரில், தலைச்சுமையோடு வருகிறவர்கள் ஆள் துணையின்றி இறக்கிவைத்து இளைப்பாற ஒரு கல். தென்மாவட்டச் சாலையெங்கும் இப்படிக் கற்கள் நிற்கின்றன. பிள்ளைப்பேற்றில் பெண்கள் எவ்வளவு பேர் செத்தார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஏடு கிடையாது. கற்கள் இருக்கின்றன.

அன்றிரவு ஒரு கவிஞிக்கு வரக்கூடிய சுலபமான எண்ணம் எனக்கும் வந்தது. ஜாடி உறுப்பை வைத்துக்கொண்டு பெண்ணைத் தொலைக்கிறது. கல் உறுப்பை விட்டுவிட்டுப் பெண்ணை நினைக்கிறது. நகரத்து அறிவியல் இரக்கமற்றது, கிராமத்து மரபு கருணையுள்ளது. குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். காலையில் படித்தபோது பொய்யாகத் தெரிந்தது.

முதலாவது, அந்தக் கல்லிலும் பெயர் இல்லை. ‘அம்மாச்சிக்குத் தங்கச்சி’ என்று பெரியம்மா சொன்னாரே தவிர அவருக்கும் பெயர் தெரியவில்லை. இரண்டாவது, அந்த வயிற்றைக் கீறியதும் ஒரு கூறுபோடல்தான். அதைச் செய்தவள் வண்ணாத்தி. அசுத்தமான வேலையைச் செய்யச் சாதி வைத்த ஆள். அவள் கைக்குத் தெரிந்த உடற்கூறியலை யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது, அவளைச் சாகவிட்டதும் அதே ஊர்தான். பிள்ளை ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கல்லுக்குத் தேவையே வந்திருக்காது. தெரிந்துகொள்ள உதவியது ஹண்டரின் கொடூரமான படங்களும்தான்.

அப்படியானால் ஜாடியும் ஒரு சுமைதாங்கிதானா? செத்த ஒருத்தியின் உடல், அறியாத பலரின் சுமையை இறக்குகிறது. என் மாணவியின் அம்மா பதினேழு ஆண்டாகச் சுமந்ததை அந்த ஜாடியின் மேல்தான் இறக்கி வைத்தாள் மகள். வேலை ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது? பெயரில் இல்லை. பெயர் போட்டால் அந்தப் பெண்ணுக்கு அது மதிப்பாக இருக்காது, அம்பலமாக இருக்கும். வித்தியாசம் கடனை ஒப்புக்கொள்வதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. கல்லில் சுமையை இறக்கும் கூலிக்காரிக்கு, இது ஒருத்தி செத்ததால் நிற்கிறது என்று தெரியும். ஜாடியைப் பார்க்கும் கண்ணுக்கு, ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பல மருத்துவக் கல்லூரிகளில் இப்போது முதலாண்டு மாணவர்கள் மேசையிலுள்ள உடலின் முன் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். உங்கள் முதல் ஆசிரியர் இவர் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அது நல்ல தொடக்கம். அலமாரியில் இருக்கும் ஆசிரியைகளுக்கு இன்னும் அந்த மரியாதை வரவில்லை.

‘சம்மதம் வாங்கினால் போதும்’ என்பது எளிய விடை. பெரியம்மாவின் கருப்பை விஷயத்தில் சம்மதம் இருந்தது. பெரியப்பாவின் கையெழுத்து. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கருப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் நாடறிந்த செய்தியானது. மாதவிலக்கு வந்தால் வேலைநாள் போகும், போனால் ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்வார். அவர்களும் சம்மதித்தவர்கள்தான். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று சொன்னது. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கருப்பை இல்லை என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தட்டைக் காட்டினார்கள்? என்ன எடுத்தோம், ஏன் எடுத்தோம், அது எங்கே போகிறது என்று எத்தனை பேரிடம் சொன்னார்கள்? தெரியாத ஒன்றுக்குத் தரும் சம்மதம், வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு. பார்க்கும் உரிமை முதலில் உடலுக்கு உரியவளுக்கு. கையெழுத்து அதற்குப் பிறகு.

தமிழில் இந்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்ட ஒருத்தி இருக்கிறாள். காரைக்கால் அம்மையார். கணவன் விட்டு விலகியதும், அவனுக்காகத் தாங்கிய தசையை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றவள். எலும்பும் நரம்பும் வற்றிய முலையுமாகப் பேயைத் தன் பாட்டில் வைத்தவள். கேசாதிபாத மரபுக்கு நேர் எதிரான உடற்கூறு அது. சோழர் காலச் செப்புப் படிமங்களில் விலா எலும்பு தெரியக் கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கூட்டைக் காட்சிக்கு வைத்தது யார் என்று கேட்டால், அவளேதான். வகுப்பில் அவளை நடத்தும்போது பக்தி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவேன். இனி அப்படி முடியாது.

*

இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். “தாயி, அந்தப் பிள்ளைக படிக்கிற எடத்துக்கு ஒடம்ப எழுதிக் குடுக்கலாமாமே. தாளு வாங்கியாந்து குடு.”

நான் முதலில் சொன்ன சொல் “எதுக்குப் பெரியம்மா?” என்பதுதான். மேடையில் உடல் தானத்தைப் பேசியிருக்கிறேன். ஜோதி பாசுவின் உடல் 2010இல் மருத்துவக் கல்லூரிக்குப் போனதையும், 2024இல் யெச்சூரியின் உடல் எய்ம்ஸுக்குப் போனதையும் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். என் பெரியம்மா அந்த மேசையில் கிடப்பதை நினைத்ததும் வயிறு பிசைந்தது. மற்றவர் வீட்டு உடல் எனக்கு அறிவியல். எங்கள் வீட்டு உடல் எனக்குப் பெரியம்மா. கேட்பாரற்ற கிழவிகளை எண்ணி நான் அறச்சீற்றம் கொண்டதெல்லாம் இந்த இடத்தில் சோதிக்கப்பட்டது. ஏழைகளின் உடலில் படிப்பது அநியாயம் என்று சொல்கிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்து ஓர் உடலைத் தராதவரை, அந்த அநியாயம் தொடரத்தானே செய்யும்?

படிவம் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன்மார் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பெரியவர் திருப்பூரிலிருந்து. “கொள்ளி வைக்க ரெண்டு ஆம்பளப்பிள்ள இருக்கையில, அனாதைப் பொணமாட்டம் ஆசுபத்திரிக்கா?” என்றார். சின்னவருக்குக் கோபம் என் மேல். “படிச்சவ, நீயே இப்படித் தூண்டிவிடலாமா?” அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்கள் மறுத்தால், பெரியம்மா என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கல்லூரி வாங்காது. நடைமுறை அதுதான். உயிரோடு இருக்கும்போது கருப்பைக்குக் கையெழுத்துப் போட்டவர் கணவர். செத்த பிறகு உடம்புக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மகன்கள். எங்கள் பக்கத்தில் பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். கோடி பிறந்த வீட்டுக்கு, கொள்ளி பெற்ற பிள்ளைக்கு. நடுவில் கிடக்கும் உடம்புக்காரிக்கு என்ன?

பெரியம்மா வாதாடவில்லை. “கோடி போடட்டும். ஊருக்குச் சாப்பாடு போடுங்க. கொள்ளிச் சட்டியத் தூக்கிட்டு ஒரு சுத்துச் சுத்தி வாங்க. பெறகு வண்டியில ஏத்தி விட்டுருங்க. கோடிய அந்தப் பிள்ளைக அவுத்துக்கிறட்டும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உண்மையாகவே கவலைப்பட்டு ஒரு கேள்வி கேட்டார். “எங்கிட்டக் கர்ப்பப்பை இல்லையே, வாங்கிக்கிருவாகளா?”

சின்ன அண்ணன் எழுந்து வெளியே போனார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

ஏன் இந்த முடிவு என்று அன்றிரவு கேட்டேன். தத்துவமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் புள்ள நல்லாச் சொல்லுச்சு. எனக்கு ஒருத்தரும் சொல்லல. என்னப் பாத்து இன்னம் நாலு புள்ளைக படிச்சு, எந்தப் பொம்பளைக்காச்சும் வெளங்கச் சொல்லட்டும்” என்றார். அவ்வளவுதான்.

படிவம் இப்போது பெரியம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. அவர் கையெழுத்து இருக்கிறது. சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. பெரிய அண்ணன் போட்டுவிட்டார். சின்னவர் இன்னும் போடவில்லை. அவரை நான் வற்புறுத்தவில்லை. சம்மதத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அவரிடம் அதைப் பிடுங்கி வாங்க முடியாது.

நான் எனக்கும் ஒரு படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். நிரப்பவில்லை. தினமும் மேசையில் பார்க்கிறேன்.

பெரியம்மா இரண்டு நிபந்தனை சொல்லியிருக்கிறார். எதையாவது எடுத்து ஜாடியில் வைத்தால், அதில் தமிழில் எழுத வேண்டும். “பேரு வேணாம், ஊருப் பேரு போடச் சொல்லு. நம்ம பக்கத்துப் பொம்பளைன்னு தெரிஞ்சா வாரவளுகளுக்கு ஒரு இது.” படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.